எண்களாய் ஒரு மலை

2000 பிப்ரவரி 11 அன்று விண்ணேறிய எண்டெவர் விண்ணோடம், பதினொரு நாள்கள் பூமியை வலம்வந்து, ராடார் அலைகளால் நிலத்தின் உயரங்களை அளந்தது. உலக நிலப்பரப்பில் ஏறத்தாழ 80 விழுக்காடு அந்த அளவைக்குள் வந்தது. நம் கல்வராயன் மலையும் அதில் அடங்கும். அவ்வுயரங்களை இன்று எவரும் வலையிலிருந்து இறக்கிக்கொள்ளலாம். கணினி வரைகலையில் உண்மையான மலையொன்றை எழுப்ப விரும்புவோர்க்கு இத்தகைய தரவே தொடக்கம்.

நமக்குரிய கோப்பின் பெயர் 'என்11ஈ078'. வடக்கு அட்சரேகை 11 பாகையும் கிழக்குத் தீர்க்கரேகை 78 பாகையும் சந்திக்கும் தென்மேற்கு மூலையை அப்பெயர் சுட்டுகிறது. கள்ளக்குறிச்சி, கச்சிராயபாளையம், வெள்ளிமலை மூன்றும் இந்த ஒரு கோப்புக்குள் இருக்கின்றன.

தொடக்கத்தில் நம் பகுதிக்குச் சுமார் 90 மீட்டர் இடைவெளியில் எடுத்த உயரங்களே கிடைத்தன. 30 மீட்டர் அளவிலான நுண்தரவை உலகுக்கு வெளியிடுவதாக அமெரிக்க அரசு 2014 செப்டம்பரில் அறிவித்தது. அந்தக் கோப்பில் வரிசைக்கு 3601 வீதம் 3601 வரிசைகள். மொத்தம் 1,29,67,201 உயரங்கள். ஒவ்வொன்றுக்கும் இரண்டு பைட்டுகள். முகவுரை இல்லை, இடப்பெயர் இல்லை, அளவை அலகும் இல்லை. பெரிய பைட்டு முன்னே வரும் என்பதை அறிந்தவரே படிக்க முடியும். மாற்றிப் படித்தால் 800 மீட்டர் மேடு 8195 மீட்டர் சிகரமாகிவிடும். புள்ளியிடாத ஏட்டுச்சுவடியும் இப்படித்தான். படிக்கும் முறை ஏட்டில் இராது, படிப்பவரிடம் இருக்க வேண்டும்.

சுவடியில் செல்லரித்த இடங்கள் உண்டு, இங்கும் உண்டு. ராடார் சாய்வாகப் பார்ப்பதால் செங்குத்துச் சரிவுகளின் மறைவு அதற்குப் புலப்படாது. அத்தகைய இடங்களில் -32768 என்ற எண்ணை இட்டு வெறுமையைக் குறித்தார்கள். பிந்தைய பதிப்பில் அவ்வெறுமைகளை ஆஸ்டர் என்னும் வேறொரு விண்கருவியின் உயரங்களைக் கொண்டு பெரும்பாலும் நிரப்பினர். எந்த உயரம் எங்கிருந்து வந்தது என்பதைப் புள்ளிதோறும் சொல்லும் துணைக்கோப்பையும் உடன் வெளியிட்டனர். உ.வே.சாமிநாதையர் பிரதிபேதங்களைக் குறித்த நேர்மைக்கு இது நிகரானது.

ஆனால் வரைகலைக் காட்சிக்காக இதே மலையை 'ஓ.பி.ஜே.' வடிவத்துக்கு மாற்றும்போது நிலைமை வேறாகிறது. 1980களில் வேவ்ஃபிரண்ட் நிறுவனம் உருவாக்கிய இவ்வடிவம், ஒவ்வொரு புள்ளியையும் ஒவ்வொரு முக்கோணத்தையும் எழுத்து வரியாக எழுதிவைக்கும். சுமார் 2.59 கோடி முக்கோணங்கள்! 26 மெகாபைட்டுக்கும் குறைவான கோப்பு பன்மடங்கு பெருக்கிறது. பெருத்தும் என்ன? அட்சரேகையும் தீர்க்கரேகையும் பெரும்பாலும் கழன்றுவிடுகின்றன. துணைக்கோப்பு கூட வருவதில்லை. அளந்த சரிவும் இட்டுநிரப்பிய சரிவும் திரையில் ஒன்றுபோலவே தோன்றுகின்றன.

பாடலின் இடைச்செருகலைப் பிரித்தறியப் பழைய ஏடுகளைத் தேடுகிறோம். மலைக்கும் அந்த ஏடு உண்டு. கல்வராயனைக் காட்சியாக்கி வலையில் வைப்பவர் மூலக்கோப்பின் பெயரையும் துணைக்கோப்பையும் உடன் வைத்துவிட்டால், பின்னால் வருபவர் எந்தச் சரிவை நம்பலாம் என்று தாமே சரிபார்த்துக்கொள்வார்.