திருக்குணகிரி

பிரான்சு தேசத்துக்குப் போய்வந்த நண்பர் ஒருவர் சார்த்தர் நகரத்து மாதா கோவிலின் படங்களைக் காட்டினார். 1194-ல் தீக்கு இரையானபின் திரும்ப எழுப்பிய கோவில் அது. அதன் வர்ணக் கண்ணாடி ஜன்னல்கள் உலகப் பிரசித்தம். சில ஜன்னல்களின் அடிப்பாகத்தில் ரொட்டிக்காரனும் செருப்புத் தைக்கிறவனும் தத்தம் வேலையில் மூழ்கியிருக்கிறார்கள். அவர்கள்தாம் உபயக்காரர்கள் என்று வெகுகாலமாய்ச் சொல்லிவருகிறார்கள். கண்ணாடியை வெட்டிப் பதித்தவனுக்குத்தான் பெயர் இல்லை.

"உங்கள் கம்பம் பள்ளத்தாக்கில் என்ன இருக்கிறது, ஸார்? திராட்சைத் தோட்டமும் சுருளி அருவியும்தானே?" என்று நண்பர் சிரித்தார்.

எனக்குச் சுருக்கென்றது. மறுநாளே அவரை உத்தமபாளையத்துக்கு அழைத்துப் போனேன்.

ஊருக்கு வெளியே ஒரு பாறைக் கரடு. அடிவாரத்தில் கருப்பண்ணசாமி கோவில். அதைத் தாண்டி நிமிர்ந்து பார்த்தால், பாறை முகத்தில் வரிசையாகச் சமணத் தீர்த்தங்கரர்கள். சிலர் நிற்கிறார்கள், சிலர் அமர்ந்திருக்கிறார்கள். தலைக்கு மேலே முக்குடை. பார்சுவநாதருக்கு மட்டும் பாம்பு படம் விரித்துக் குடை பிடிக்கிறது. கதவில்லை, கூரையில்லை, கோபுரமில்லை. ஏறக்குறைய ஆயிரத்து நூறு வருஷங்களாக வெயிலும் மழையுமே அபிஷேகம்.

உருவங்களுக்குக் கீழே வட்டெழுத்து. அச்சணந்தி, அரிட்டநேமி என்று துறவிகளின் பெயர்கள். இன்னார் செய்வித்த திருமேனி என்ற குறிப்பு. இந்த அச்சணந்தி ஓரிடத்தில் தங்கின ஆளல்லர். மதுரை ஆனைமலையிலும், அழகர்மலையிலும், பழனிப் பக்கத்து ஐவர்மலையிலும் அவர் பெயர் இருக்கிறது. சைவமும் வைணவமும் ஓங்கி, சமணம் ஒதுங்கிக்கொண்டிருந்த காலம் அது. மலை மலையாய் நடந்து கல்லில் உருவம் செதுக்கச் செய்தார் அந்த மனிதர். மனிதர் மறந்தாலும் பாறை மறக்காது என்று நினைத்தாரோ என்னவோ!

பாண்டியன் சடையமாறன் காலத்துக் கல்வெட்டு ஒன்றும் உண்டு. இந்த மலையைத் திருக்குணகிரி என்று சொல்லி, இங்குள்ள தேவருக்கு விளக்கெரிக்க விட்ட தர்மத்தைக் குறிக்கிறது. செய்வித்தவர், தர்மம் விட்டவர், ஆண்ட அரசன் எல்லாரும் இருக்கிறார்கள். உளி பிடித்தவன் இங்கேயும் இல்லை.

நண்பர் படம் எடுத்துக்கொண்டிருந்தபோது நான் வேறொன்றைத் திருட்டுத்தனமாகத் தேடினேன். பள்ளிக்கூட நாளில் கூட்டாளிகளோடு வந்து, கரித்துண்டால் என் பெயரை இந்தப் பாறையில் பெரிதாக எழுதினேன். நல்லவேளை, மழை என் மானத்தைக் காப்பாற்றியிருந்தது. கையில் ஆணியோ பெயிண்டோ இருந்திருந்தால்? நினைக்கவே கூசுகிறது. பிற்காலத்தில் புத்தக அட்டையில் என் பெயரைப் பார்த்துப் பூரித்தவனும் அதே பையன்தான்.

கொல்லாமையைப் போதித்தவர்களின் காலடியில் அரிவாள் ஏந்தும் சாமி காவல் நிற்பது வேடிக்கைதான். ஆனால் அவருக்குப் பயந்துதான் பல கைகள் இந்தப் பாறையைத் தொடாமல் விட்டிருக்கும் என்று எனக்குத் தோன்றுகிறது.

கீழே இறங்கினோம். பூசாரி கருப்பனுக்குச் சூடம் காட்டினார். பிறகு தட்டோடு வெளியே வந்து, பாறையை நோக்கி ஒரு சுற்றுச் சுற்றினார்.

"அவுக யாரு ஐயா?" என்று கேட்டேன்.

"தெரியாதுங்க. எங்க அப்பா காட்டுவாரு, நானும் காட்டுறேன்" என்றார்.

நண்பர் ஒன்றும் பேசவில்லை. தட்டில் காசு போட்டு, விபூதி வாங்கிக்கொண்டார்.