கடைசி ஒரு கல் தொலைவு



முன்னாளில் இலண்டனிலிருந்து புறப்பட்ட பாய்மரக் கப்பல், நன்னம்பிக்கை முனையைச் சுற்றிக்கொண்டு, மாதக் கணக்கில் கடலிலே மிதந்து சென்னைக்கு வந்து சேரும். வந்து சேரும் என்றேனே தவிர, கரையைத் தொடாது. அக்காலத்தில் சென்னைக்குத் துறைமுகம் இல்லை. கரையினின்றும் ஒரு கல் தொலைவிலோ அதற்கு அப்பாலோ, திறந்த கடலிலே கப்பல் நங்கூரமிட்டு நிற்கும். பல்லாயிரம் கல் பயணத்தில் நேராத கேடு, எஞ்சிய அந்தச் சிறு தொலைவிலே நேர்ந்துவிடுவதும் உண்டு. அத்தொலைவைக் கடத்தித் தந்தவர்களின் வரலாற்றையே இன்று நாம் காணப்போகிறோம்.

சென்னைக் கரையில் அலைகள் வரிசை வரிசையாக எழுந்து உடையும். ஆணியடித்த படகு அவ்வலையில் சிக்கித் தரையில் மோதினால் பிளந்துபோகும். ஆதலின் இங்குள்ளோர் மசூலாப் படகினைக் கையாண்டனர். பலகைகளைத் தென்னங்கயிற்றால் தைத்துச் சேர்த்த படகு அது. மோதும்போது பலகைகள் நெகிழ்ந்து கொடுக்குமேயன்றி உடையா. துணைக்குக் கட்டுமரங்கள் வரும். அலையில் தவறி விழுந்தோரைக் கரைசேர்ப்பது அவற்றின் பணிகளுள் ஒன்று. கப்பலும் சரக்கும் வணிகருடையவை. துடுப்புப் பிடித்த கையோ கூலிக்கு அமர்த்திய கை. வாணிகத்தின் மிக ஆபத்தான பகுதியைப் பிறரிடம் ஒப்படைக்கும் வழக்கம் இக்கரையில் அன்றே வேரூன்றிவிட்டது.

அப்படகோட்டிகள் வாழ்ந்த ஊர்களுள் ஒன்று இராயபுரம். இராயப்பர் என்பது பேதுரு அடியாருக்குத் தமிழ்க் கிறித்தவர் வழங்கும் பெயர். படகோட்டிகள் போற்றிய அவருடைய ஆலயத்தாலேயே ஊர் அப்பெயர் பெற்றது என்பர். அதே ஊரிலிருந்துதான் 1856-ஆம் ஆண்டு ஜூலைத் திங்கள் முதல் நாள், தென்னிந்தியாவின் முதல் பயணிகள் புகைவண்டி வாலாஜா ரோடு நோக்கிப் புறப்பட்டது. கடலும் இருப்புப்பாதையும் அண்மையில் வந்தன. ஆயினும் இடையே இருந்த அலை அப்படியே இருந்தது.

1861-இல் கடலுக்குள் நீண்ட இரும்புப் பாலம் ஒன்று அமைந்தது. 1875-இல் துறைமுகத்துக்கு அடிக்கல் நாட்டினர். எழுப்பிய சுவர்களை 1881-ஆம் ஆண்டின் புயல் தகர்த்தது. மீண்டும் கட்டினர். 1904-இல் பொறுப்பேற்ற சர் பிரான்சிஸ் ஸ்பிரிங், மணல் அடைத்த கிழக்கு வாயிலுக்கு மாற்றாக வடகிழக்கில் வாயில் அமைத்துத் துறைமுகத்தை நிலைபெறச் செய்தார். கப்பல் மேடையருகே வந்து நின்றது. மசூலாப் படகின் பணி முடிந்தது. தெற்கிலிருந்து வடக்கே நகரும் மணலைத் துறைமுகச் சுவர் தடுத்ததால் மெரினாவில் மணல் சேர்ந்தது. இராயபுரம் முதல் திருவொற்றியூர் வரையுள்ள கரையைக் கடல் அரித்தது. படகோட்டிகள் தொழிலை மட்டுமன்றித் தம் கரையையும் இழந்தனர்.

படகு போயிற்று, இடைத்தொலைவு போகவில்லை. மேடைக்கும் கிடங்குக்கும் இடையே மூட்டைகளை மனிதர் முதுகில் சுமந்தனர். சரக்குப் பெட்டிகளை எஞ்சின்கள் தள்ளியும் இழுத்தும் தடம் மாற்றின. அதனையே ‘ஷண்டிங்’ என்றனர். சுமை தூக்குவோரை அன்றாடம் பொறுக்கியெடுத்தவர் மேஸ்திரி. கப்பல் வந்த நாளில் கூலி. வாராத நாளில் பட்டினி. இந்நிலையை மாற்றவே 1948-இல் துறைமுகத் தொழிலாளர் வேலை ஒழுங்குமுறைச் சட்டம் பிறந்தது. தொழிலாளர் பெயர்களைப் பதிவு செய்து, முறைவைத்து வேலை தந்து, வேலை இல்லாத நாளுக்கும் ஒரு தொகை அளிக்க அது வழிகோலியது. சென்னையிலும் இதற்கென ஒரு வாரியம் அமைந்தது.

1956-ஆம் ஆண்டு ஏப்பிரல் 26-ஆம் நாள் அமெரிக்காவில், லாரித் தொழிலில் வளர்ந்த மால்கம் மெக்லீன் என்பவர் 58 அலுமினியப் பெட்டிகளை ஒரு கப்பலில் ஏற்றி நெவார்க்கிலிருந்து ஹூஸ்டனுக்கு அனுப்பினார். மூட்டையைப் பிரிக்காமல் பெட்டியோடு மாற்றும் அம்முறை உலகெங்கும் பரவியது. சென்னையில் 1983-இல் கண்டெய்னர் முனையம் தோன்றியது; 2001-இல் அதனை நடத்தும் பொறுப்பு ஒப்பந்தத்தின்வழி தனியாரிடம் சென்றது. அதே ஆண்டில் எண்ணூரில் புதிய துறைமுகம் திறக்கப்பெற்றது. பின்னர் அது காமராசர் பெயரைப் பெற்றது.

இன்று எண்ணூர், மணலிச் சாலைகளில் டிரெய்லர்கள் அணிவகுத்து நிற்பதைக் காண்கிறீர்கள். கிடங்கின் முன் சரக்கு இறங்கும்வரை இழுவை வண்டியும் காத்துக் கிடந்தால் பொருள் விரயமாகும். ஆதலின் டிரெய்லரை மட்டும் முற்றத்தில் கழற்றிவிட்டு வண்டி அடுத்த சுமைக்குச் செல்லலாம். முற்றத்துக்குள் அதனை வாயிலுக்கு வாயில் நகர்த்த, குறுகிய உடலமைப்புடைய சிறு இழுவை வண்டி உண்டு. அதன் இணைப்புத் தட்டே மேலெழுந்து டிரெய்லரின் முன்பகுதியைத் தூக்கிக்கொள்ளும். இவ்வேலை ஒருநாள் மிகும், ஒருநாள் குறையும். ஆகவே கிடங்கினர் தாமே வண்டியும் ஆளும் வைத்துக்கொள்ளாமல் ஒப்பந்தக்காரரிடம் விடுகின்றனர். அதில் நியாயம் இல்லை என்று சொல்ல முடியாது.

ஆனால் ஒன்றை எண்ணிப் பாருங்கள். டிரெய்லரைப் பின்னோக்கிச் செலுத்தும்போது ஓட்டுநருக்குப் பின்புறம் முழுவதும் தெரியாது. முற்றம் ஒருவருடையது; டிரெய்லர் இன்னொருவருடையது; ஓட்டுநர் மூன்றாமவரின் ஆள். பின்னால் நிற்கும் தொழிலாளியின் உயிருக்கு யார் பொறுப்பு? அலையில் கவிழ்ந்த படகைக் குறித்து எழுந்திருக்க வேண்டிய கேள்வியும் இதுவே அன்றோ?

சட்டம் இதற்கு ஒருவாறு விடை கூற முயன்றது. ஒப்பந்தக்காரர் கூலி தராவிடின் முதன்மை முதலாளியே தரவேண்டும் என்றும், குடிநீர், ஓய்விடம், முதலுதவி ஆகியன இருத்தல் வேண்டும் என்றும் 1970-ஆம் ஆண்டின் ஒப்பந்தத் தொழிலாளர் சட்டம் விதித்தது. இருபது பேருக்குக் குறைவாக ஆள் வைத்தோர் அதன் எல்லைக்கு வெளியே நின்றனர். 2020-இல் இயற்றிய தொகுப்புச் சட்டம் அவ்வெண்ணை ஐம்பதாக உயர்த்தியது. முற்றத்தில் ஐந்தாறு ஓட்டுநர்களை வைத்து வேலை நடத்தும் சிறு ஒப்பந்தக்காரர் இவ்விரு எல்லைக்கும் எட்டாதவர்.

வேலையைப் பிறரிடம் ஒப்படைக்கலாம். பொறுப்பை அதனோடு சேர்த்துக் கைகழுவிவிட முடியுமா? கல்வி முடித்து நாளை நீங்கள் கிடங்குகளையும் ஆலைகளையும் நடத்துவீர்கள். சிலர் சட்டமும் இயற்றுவீர்கள். அன்று ஓர் ஒப்பந்தத் தாளில் கையெழுத்திடும் முன்பு, கடைசி ஒரு கல் தொலைவில் துடுப்புப் பிடித்த அந்தக் கைகளை ஒருமுறை நினைத்துக்கொள்ளுங்கள்.