நொன்னுஸ்: மூத்தவரை அழைத்த சொல்

இத்தாலியில் குழந்தைகள் பாட்டியை ‘நொன்னா’ என்றும் தாத்தாவை ‘நொன்னோ’ என்றும் கூப்பிடுகிறார்கள். கன்னியாஸ்திரியைக் குறிக்கும் ஆங்கில ‘நன்’, ஜெர்மானிய ‘நொன்னெ’ இரண்டும் அதே லத்தீன் வேரில் கிளைத்தவை. வீட்டுத் திண்ணைக்கும் துறவு மடத்துக்கும் பொதுவான சொல் இது.

பிற்கால லத்தீனில் ‘நொன்னுஸ்’, ‘நொன்னா’ இரண்டும் பெரியவர்களை மரியாதையாக அழைக்கும் சொற்கள். மழலையில் பிறந்தவை என்று மொழியறிஞர்கள் கருதுகிறார்கள். கி.பி. 384-இல் திருச்சபை எழுத்தாளர் ஜெரோம், எயுஸ்தோக்கியம் என்ற இளம்பெண்ணுக்கு எழுதிய நீண்ட கடிதத்தில் ரோமாபுரியின் செல்வ விதவைகள் சிலரைக் கடிந்துகொள்கிறார். விருந்துண்டு படுத்து அப்போஸ்தலர்களைக் கனவு காண்கிறவர்களையும் ஊர் ‘நொன்னா’ என்கிறதே என்பது அவருடைய ஆதங்கம். பக்தியுள்ள பெண்களுக்கான மரியாதைச் சொல்லாக அது அப்போதே ஆகியிருந்தது, மலியவும் தொடங்கியிருந்தது.

அந்தச் சொல்லுக்குக் கனம் கொடுத்தவர், தமிழ்க் கத்தோலிக்கர்கள் ஆசீர்வாதப்பர் என்று அழைக்கும் புனித பெனடிக்ட். மோந்தே காசினோ மலையில் மடம் நடத்திய அவர், 6-ஆம் நூற்றாண்டில் எழுதிய விதிநூலின் 63-ஆம் அதிகாரத்தில், துறவிகள் ஒருவரையொருவர் எப்படி அழைக்க வேண்டும் என்று வகுத்தார். யாரையும் வெறும் பெயர் சொல்லி அழைக்கக் கூடாது. மூத்தவர் இளையவரைச் சகோதரர் என்பார். இளையவர் மூத்தவரை ‘நொன்னுஸ்’ என்பார், தந்தைக்குரிய மரியாதையோடு. வழியில் எதிர்ப்பட்டால் இளையவரே முதலில் ஆசி கேட்க வேண்டும். மூத்தவர் வந்தால் எழுந்து இடம் கொடுக்க வேண்டும்; அவர் சொன்ன பிறகே உட்கார வேண்டும்.

ஆனால் மூத்தவர் யார்? விதிநூலின் புதுமை இங்கேதான் இருக்கிறது. வயதையோ குலத்தையோ அது கணக்கில் எடுக்கவில்லை. மடத்துக்குள் வந்த நேரத்தைப் பார்த்தது. பகலின் இரண்டாம் மணியில் வந்தவர், முதல் மணியில் வந்தவருக்கு இளையவர். மடத்தலைவர் தக்க காரணத்தோடு மாற்றினாலொழிய அந்த வரிசை மாறாது. அடிமையாக இருந்து துறவியானவரைவிடச் சுதந்திரமாகப் பிறந்தவரை உயர்த்திவைக்கக் கூடாது என்று 2-ஆம் அதிகாரம் முன்பே சொல்லிவிட்டது. ஆக, பெரிய வீட்டுப் பிள்ளை ஒருவன், தனக்கு ஒரு மணி நேரம் முன்னால் வந்த முன்னாள் அடிமையை நாள்தோறும் ‘நொன்னுஸ்’ என்று அழைத்தாக வேண்டும். ரோமப் பேரரசின் பழக்கங்கள் கலையாத காலத்தில் இது எத்தனை பெரிய தலைகீழ் மாற்றம்!

தாழ்ச்சிக்குப் பன்னிரண்டு படிகள் வகுத்த 7-ஆம் அதிகாரமும் பேச்சை விடவில்லை. 9-ஆம் படி, கேட்டாலொழியப் பேசாதிருப்பது. 11-ஆம் படி, பேசும்போது மென்மையாக, சில சொற்களில், குரல் உயர்த்தாமல் பேசுவது. மனம் உண்மையாகவே தாழ்ந்திருக்கிறதா என்று பிறர் கண்டறிய முடியாது. வாயிலிருந்து வருவதோ எல்லோர் காதிலும் விழும். எனவே பயிற்சி அங்கே தொடங்கியது.

பெனடிக்டுக்கு இதில் முன்னோடி ஜான் காசியன். 5-ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் மார்சேயில் இருந்து எழுதிய அவர், ‘என்’ என்ற சொல்லையே மடத்தில் குற்றமாகக் காட்டுகிறார். என் புத்தகம், என் எழுத்தாணி, என் அங்கி என்று வாய்தவறிச் சொன்னாலும் பரிகாரம் செய்ய வேண்டும்.

சொற்கள் எழுதியபடியே நிற்பதில்லை. 63-ஆம் அதிகாரம் மடத்தலைவர் ஒருவருக்கே ‘தோமினுஸ்’, அதாவது ஆண்டவர், என்ற பட்டத்தைக் கொடுத்தது. அதுவும் அவர் தாமாக உரிமை கொண்டாடாமல், கிறிஸ்துவின் பொருட்டுப் பிறர் தருவது. நாளடைவில் அது ‘தோம்’ என்று குறுகிச் சாதாரண பெனடிக்டின் துறவிகளின் பெயருக்கு முன்னும் ஏறியது. ஷாம்பெயின் மதுவோடு சேர்த்துப் பேசப்படும் தோம் பெரிஞ்ஞோன், 1715-இல் இறந்த அத்தகைய துறவிதான். தமிழ்க் கத்தோலிக்கர்கள் குருவை அழைக்கும் ‘சாமி’க்கும் மூலப்பொருள் உடையவர் என்பதே.

‘நொன்னுஸ்’ அப்படி ஏறவில்லை. பெண்பால் வடிவம் மடத்தில் நிலைத்தது. ஆண்பால் இத்தாலியத் தாத்தாக்களுக்குப் போய்ச் சேர்ந்தது. விதிநூலைத் தினம் ஒரு பகுதியாக வாசித்து ஆண்டுக்கு மூன்று முறை முடிக்கும் மரபு பெனடிக்டின் மடங்களில் உண்டு. அந்த முறைப்படி 63-ஆம் அதிகாரமும் ஆண்டில் மூன்று தடவை துறவிகளின் காதில் விழுகிறது.