இருக்கு, இருக்கு, இல்லை

1933ஆம் ஆண்டு. அமெரிக்காவில் பொருளாதாரம் படுத்துக் கிடந்த நேரம். பாஸ்டன் நகரத்து கௌடி கம் கம்பெனி ஒரு சென்ட்டுக்கு ஒரு பபுள்கம்மும், கூடவே பேஸ்பால் வீரர் ஒருவரின் வண்ணப் படம் போட்ட அட்டையும் கொடுத்தது. மொத்தம் 240 அட்டைகள் என்று அறிவித்திருந்தார்கள். ஒவ்வோர் அட்டையின் முதுகிலும் வரிசை எண் இருந்ததால், தன்னிடம் எது இருக்கிறது, எது இல்லை என்று ஒவ்வொரு பையனுக்கும் துல்லியமாகத் தெரியும். 105 இருந்தது. 107 இருந்தது. 106 மட்டும் பக்கத்துத் தெருவிலும் இல்லை, அடுத்த ஊரிலும் இல்லை.

இருந்தால்தானே கிடைக்கும்? கம்பெனி அந்த எண்ணில் அட்டையே அச்சிடவில்லை. தொகுப்பு நிறையாதவரை பையன்கள் கம் வாங்கிக்கொண்டே இருப்பார்கள் என்று போட்ட கணக்குதான் அது என்பது சேகரிப்பாளர்களின் நெடுநாள் குற்றச்சாட்டு. புகார் கடிதங்கள் குவியவே, மறு வருடம் நெப்போலியன் லாஜ்வே என்ற பழைய ஆட்டக்காரரின் படத்தை 106ஆம் அட்டையாக அச்சிட்டு, எழுதிக் கேட்டவர்களுக்கு மட்டும் தபாலில் அனுப்பிச் சமாளித்தது கௌடி. லாஜ்வே பெரிய லீகில் ஆடுவதை நிறுத்தி அப்போது பதினேழு வருடங்களுக்கு மேல் ஆகியிருந்தன. கம் பொட்டலத்தில் ஒருபோதும் வராத அந்த அட்டை இன்று பல்லாயிரம் டாலர் பெறும். அதே தொகுப்பில் பேப் ரூத்துக்கு நான்கு அட்டைகள் இருந்தன. அன்றைய பேஸ்பாலின் ஆகப்பெரிய நட்சத்திரம் மாற்றுக்குக் கிடைத்தார். ஓய்வுபெற்ற லாஜ்வே கிடைக்கவில்லை.

அட்டை மாற்றும் பழக்கம் பிழைத்து வந்ததே இப்படிப்பட்ட தட்டுப்பாட்டில்தான். தன் காசால் மட்டும் நிறைக்க முடியாத தொகுப்பை நாலு பேர் சேர்ந்தால் நிறைக்கலாம். ஆனால் அந்த நாலு பேரைக் கண்டுபிடிக்க வேண்டும், நம்ப வேண்டும், எதற்கு எது ஈடு என்று ஒத்துக்கொள்ள வேண்டும். நூறு வருடங்களுக்கு மேலாக இந்த மூன்று சிக்கல்களும் வேஷம் மாற்றி மாற்றி வந்துகொண்டிருக்கின்றன.

தொடக்கம் சிகரெட்டில். 1880களில் ரிச்மண்ட் நகரத்து ஆலன் அண்ட் கின்டர், நியூயார்க்கின் குட்வின் போன்ற கம்பெனிகள் காகிதப் பொட்டலம் நசுங்காமலிருக்க உள்ளே ஒரு விறைப்பான அட்டையைச் செருகின. வெறும் அட்டை எதற்கென்று அதில் நடிகைகள், பறவைகள், கொடிகள், ஆட்டக்காரர்கள் என்று படம் போட்டார்கள். 1890-ல் ஜேம்ஸ் புக்கானன் டியூக் பெரிய கம்பெனிகளை ஒன்றாக்கி அமெரிக்கன் டொபாக்கோவை உருவாக்கினார். போட்டி போனது, அட்டையின் தேவையும் குறைந்தது. 1909-ல் அதே நிறுவனம் மறுபடி பெரிய அளவில் அட்டை வெளியிட்டது. இரண்டு வருடங்களில் 500-க்கும் மேற்பட்ட அட்டைகள், பதினாறு சிகரெட், புகையிலைப் பெயர்களின் விளம்பரத்தோடு வந்தன. புகைப்பவர்கள் பெரியவர்கள், படம் வேண்டியவர்கள் சிறுவர்கள். கடை வாசலில் நின்று, வெளியே வருகிறவர்களிடம் கைநீட்டி அட்டை கேட்டு வாங்குவது அந்தக் காலத்துப் பையன்களின் வேலை.

அந்தத் தொகுப்பில்தான் பிட்ஸ்பர்க் அணியின் ஹோனஸ் வாக்னர் வருகிறார். தன் படத்தைப் போடக்கூடாது என்று அவர் தடுத்ததால் அச்சு பாதியில் நின்றது. பிள்ளைகள் தன் படத்துக்காகப் புகையிலை வாங்குவது பிடிக்கவில்லை என்று ஒரு காரணம் சொல்வார்கள். உரிய பணம் தரவில்லை என்று இன்னொன்று. எப்படியோ, இன்று உலகத்தில் அறுபது பிரதிகள் அளவுக்குத்தான் இருக்கின்றன.

அந்தத் தொகுப்பை இப்போது எல்லோரும் டி206 என்றே அழைக்கிறார்கள். அந்தப் பெயரைச் சூட்டியவர் ஜெஃபர்சன் பர்டிக். நியூயார்க் மாநிலத்தின் சிரக்யூஸ் நகரத்தில் மின்சாதனத் தொழிற்சாலை ஒன்றில் வேலை. மூட்டுவாதத்தால் வளைந்த விரல்கள். கல்யாணம் செய்துகொள்ளாத மனிதர். 1930களில் அவர் ஒரு செய்தி இதழ் நடத்தினார், பிறகு அட்டைகளுக்கெல்லாம் ஒரு பட்டியல் நூல் தயாரித்தார். 19ஆம் நூற்றாண்டுப் புகையிலை அட்டை என்றால் ‘என்’, 20ஆம் நூற்றாண்டுடையது என்றால் ‘டி’, பின்னால் ஓர் எண். வறண்ட வேலையாகத் தோன்றும். ஆனால் ஒருவரையொருவர் பார்த்திராத இரண்டு பேர், ஒருவர் ஓஹையோவிலும் மற்றவர் கலிபோர்னியாவிலும் உட்கார்ந்துகொண்டு, எந்த அட்டையைப் பற்றிப் பேசுகிறோம் என்று குழப்பமில்லாமல் கடிதம் எழுத முடிந்தது இந்த எண்களால்தான். தபால் வழி மாற்று என்ற ஏற்பாடே பர்டிக்கின் தோளில் நிற்கிறது.

அவர் வாக்னர் அட்டைக்குப் போட்ட விலை 50 டாலர். அப்போது வேறெந்த பேஸ்பால் அட்டைக்கும் அவ்வளவு விலை இல்லை. மூன்று லட்சத்துக்கும் அதிகமான அட்டைகளையும் அச்சுக் காகிதங்களையும் அவர் நியூயார்க்கின் மெட்ரோபாலிட்டன் கலைக்கூடத்துக்குக் கொடுத்தார். அவற்றில் பேஸ்பால் அட்டைகள் மட்டும் முப்பதாயிரத்துக்கு மேல். தானே ஒழுங்குபடுத்தி ஒட்டித் தர வேண்டும் என்பது கலைக்கூடத்தின் நிபந்தனை. வருடக்கணக்கில் வந்து உட்கார்ந்து, ஆல்பம் ஆல்பமாக ஒட்டி, 1963 ஜனவரியில் வேலையை முடித்தார். மறுநாள் மருத்துவமனையில் சேர்ந்தவர் மார்ச்சில் இறந்தார். ஒரு பேஸ்பால் ஆட்டத்துக்காவது அவர் போனதாகத் தகவல் இல்லை. அட்டைகளைப் பசை போட்டு ஒட்டியிருக்கிறார் என்று கேட்டால் இன்றைய சேகரிப்பாளருக்கு மயக்கமே வரும்.

பெரியவர்கள் கடிதம் எழுதிக்கொண்டிருந்தபோது, தெருவில் வேறு விதமான வியாபாரம் நடந்தது. 1951 இலையுதிர்காலத்தில் புரூக்ளினில், தன் வீட்டுச் சமையலறை மேசையில் உட்கார்ந்து டாப்ஸ் கம்பெனியின் சை பெர்கர் 1952-க்கான அட்டையை வடிவமைத்தார். பெரிய அளவு, வண்ணப் படம், வீரரின் கையெழுத்து, பின்னால் புள்ளிவிவரம். மொத்தம் 407. ஆனால் எல்லாம் ஒரே நேரத்தில் வராது. பருவம் நெடுகத் தவணை தவணையாகக் கடைக்கு வரும். இந்த முறை 1973 வரை நீடித்தது. புதுத் தவணை வந்த வாரத்தில் பையன்களிடம் டபுள்ஸ் குவியும், ஒரே வீரர் மூன்று நான்கு பிரதிகளாக.

பள்ளி இடைவேளையில் நடப்பதைப் பார்த்தால் சீட்டுக்கட்டு கலைப்பது போலவே இருக்கும். ஒருவன் தன் கட்டை ஒவ்வொன்றாகத் தள்ளிக் காட்டுவான். எதிரில் நிற்பவன் கண் இமைக்காமல் ‘இருக்கு, இருக்கு, இருக்கு’ என்று ஓதிக்கொண்டே வருவான். திடீரென்று ‘இல்லை!’ என்று குரல் எழும். எழுந்த குரலிலேயே அவன் தோற்றுவிடுகிறான், ஏனென்றால் விலை அந்த நொடியில் ஏறிவிட்டது. அனுபவசாலிகள் இல்லாத அட்டையையும் ‘இருக்கு’ என்று சொல்லிக் கடந்து, கடைசியில் சும்மா கேட்பது போல அதற்குத் திரும்பி வருவார்கள்.

மாற்றிக்கொள்ள மனமில்லாதவர்களுக்குச் சூதாட்டம் இருந்தது. இடுப்பருகிலிருந்து அட்டையைச் சுழற்றிக் கீழே விடுவது. படம் மேலே விழுந்தால் தலை, முதுகு மேலே விழுந்தால் பூ. அடுத்தவன் அதே மாதிரி விழவைத்தால் இரண்டும் அவனுக்கு. இன்னொன்று, சுவரை நோக்கி எறிவது. சுவருக்கு மிக அருகில் விழுந்த அட்டைக்குரியவன் எல்லாவற்றையும் அள்ளிக்கொள்வான். முனைகள் மழுங்கின, ரப்பர் பேண்டு விளிம்பைக் கடித்தது, சைக்கிள் சக்கரக் கம்பியில் செருகிய அட்டை படபடவென்று அடித்துக் கிழிந்தது. 1956 முதல் வந்த சரிபார்ப்புப் பட்டியல் அட்டைகளில் பையன்கள் பென்சிலால் டிக் போட்டார்கள். டிக் போடாத பழைய பட்டியலுக்கு இப்போது தனி விலை. எதற்காக அச்சிட்டார்களோ அதற்குப் பயன்படாமல் தப்பியது என்பதே அதன் மதிப்பு.

இந்தப் பேரங்களில் ஊர்ப்பற்று பெரிய சக்தி. புரூக்ளின் பையனுக்கு டாட்ஜர்ஸ் அணியின் மூன்றாந்தர ஆட்டக்காரர்கூட வேண்டும். யாங்கீஸ் நட்சத்திரத்தைக் கொடுத்துத் தொலைக்க அவன் தயார். இரண்டு பேரும் தான்தான் எதிராளியை ஏமாற்றியதாக நினைத்துக்கொண்டு வீட்டுக்குப் போவார்கள். இந்தப் பழக்கத்தின் அசல் இன்பம் இதில்தான் இருந்தது.

1952-ன் கடைசித் தவணை கடைக்கு வந்தபோது பேஸ்பால் பருவம் ஓய்ந்து, பையன்களின் கவனம் அமெரிக்கன் ஃபுட்பாலுக்குத் திரும்பியிருந்தது. விற்காத பெட்டிகள் கிடங்கில் தேங்கின. 1960-ல் அவற்றைப் படகில் ஏற்றி நியூஜெர்சிக்கு அப்பால் கடலில் கொட்டியதாக பெர்கரே பிற்காலத்தில் சொன்னார். அந்தத் தவணையின் முதல் அட்டை, எண் 311, யாங்கீஸ் அணியின் மிக்கி மேன்டில். அச்சுத் தாளில் மேன்டில் இரண்டு முறை இடம்பெற்றதால், அதே தவணையின் பெரும்பாலான அட்டைகளைவிட அது அதிகமாகவே அச்சானது. ஆனாலும் எல்லோருக்கும் வேண்டியது அதுதான். ஒருவர் 1991-ல் 50,000 டாலருக்கு வாங்கிய பிரதி 2022 ஆகஸ்டில் 1.26 கோடி டாலருக்கு ஏலம் போனது.

வளர்ந்த பையன்கள் 1960களின் கடைசியில் பழைய அட்டைகளைத் தேடத் தொடங்கினார்கள். 1968-ல் நியூயார்க் மாநிலத்திலிருந்து ‘தி டிரேடர் ஸ்பீக்ஸ்’ என்ற இதழ் வந்தது. பக்கம் பக்கமாகத் தேவைப் பட்டியல்கள். ஓட்டல் அறைகளில் மேசை போட்டு மாற்றிக்கொள்ளும் சந்திப்புகள் முளைத்தன. தபால் மாற்றில் பெரிய தொல்லை, யார் முதலில் அனுப்புவது என்பது. புதிதாக வந்தவர் முதலில் அனுப்ப வேண்டும், பேர் எடுத்தவர் பெற்றுக்கொண்ட பிறகு அனுப்புவார் என்று ஒரு வழக்கம் நிலைத்தது. அடுத்த தொல்லை வர்ணனை. ‘நல்ல நிலையில் உள்ளது’ என்று எழுதியவரின் கண்ணும் உறையைப் பிரிப்பவரின் கண்ணும் ஒன்றல்ல. இந்த ஒரு வரியால் முறிந்த நட்புகள் ஏராளம்.

பிறகு விலை வந்தது. புள்ளியியல் பேராசிரியரான ஜேம்ஸ் பெக்கெட், எந்த அட்டை என்ன விலைக்குக் கைமாறுகிறது என்று சேகரிப்பாளர்களிடம் கேட்டுத் தொகுத்தார். 1979-ல் அது புத்தகமானது. 1984-ல் மாத இதழானது. ஏறிய விலைக்கு மேல்நோக்கி ஓர் அம்பு, இறங்கியதற்குக் கீழ்நோக்கி. ஏமாறுவது குறைந்தது என்பது உண்மை. ஆனால் பத்து வயதுப் பையனும் புத்தகத்தைத் திறந்து வைத்துக்கொண்டு ‘உன்னுடையது நாலு டாலர், என்னுடையது ஆறு, மீதி ரெண்டுக்கு என்ன தருவே?’ என்று கேட்கத் தொடங்கினான். டாட்ஜர்ஸ் பிடிக்கும் என்பது கணக்கில் வராத விஷயமாகிவிட்டது. பெக்கெட் செய்தது நேர்மையான, பயனுள்ள காரியம். மாற்று என்பதைப் பாதி விற்பனையாக்கியதும் அதுவே.

1990-ல் சிகாகோவுக்கு அருகே ஒரு கடையில் நடந்தது இதற்குச் சரியான உதாரணம். நோலன் ரயன் என்ற பந்து எறிபவரின் 1968ஆம் வருட அறிமுக அட்டையின் மேல் 1200 என்று சீட்டு இருந்தது. அனுபவமில்லாத விற்பனைப் பெண் அதை 12 டாலர் என்று எடுத்துக்கொண்டு பன்னிரண்டு வயதுப் பையனுக்கு விற்றுவிட்டார். கடைக்காரர் வழக்குப் போட்டார். வழக்கு நடக்கும்போதே பையன் அதை வேறு இரண்டு அட்டைகளுக்கு மாற்றிவிட்டது தெரியவந்தது. கடைசியில் அட்டையை ஏலம் விட்டு, பணத்தைத் தருமத்துக்குக் கொடுப்பதாக இரு தரப்பும் சமாதானமானார்கள். வழக்கால் கிடைத்த புகழில் அது 5,000 டாலருக்குப் போனது.

அந்தக் காலகட்டத்தில் அட்டைகள் முதலீடாகவே கருதப்பட்டன. 1981-ல் டாப்ஸின் தனியுரிமை உடைந்து ஃபிளீரும் டான்ரஸும் வந்தன. 1989-ல் அப்பர் டெக். எல்லோரும் அச்சிட்டுத் தள்ளினார்கள், எல்லோரும் பத்திரப்படுத்தினார்கள். எல்லோரும் பத்திரப்படுத்திய பொருளை யார் தேடுவார்கள்? 1994 பேஸ்பால் வேலைநிறுத்தத்தோடு சந்தை விழுந்தது. அந்தக் காலத்து அட்டைகளை இன்றும் பெட்டிக்கணக்கில் சும்மா தருகிறேன் என்றாலும் வாங்க ஆள் குறைவு.

நிலை பற்றிய பழைய சண்டைக்கு 1991-ல் ஒரு தீர்வு வந்தது. பிஎஸ்ஏ என்ற நிறுவனம் அட்டையைச் சோதித்து, ஒன்றிலிருந்து பத்துக்குள் மதிப்பெண் போட்டு, பிளாஸ்டிக் உறைக்குள் மூடி முத்திரை வைத்தது. அது முதன்முதலில் மதிப்பெண் போட்டது, ஐஸ் ஹாக்கி வீரர் வேய்ன் கிரெட்ஸ்கியும் அவருடைய அணியின் உரிமையாளர் புரூஸ் மெக்னாலும் அதே வருடம் 4,51,000 டாலருக்கு வாங்கிய வாக்னர் அட்டைக்கு. மதிப்பெண் எட்டு. அந்த அட்டையை முன்பு கைமாற்றிய ஏலக்காரர் பில் மாஸ்ட்ரோ, அதன் ஓரங்களைத் தானே நறுக்கிச் சீராக்கியதாக 2013-ல் நீதிமன்ற வழக்கில் ஒப்புக்கொண்டார். ஓரம் நறுக்கிய அட்டைக்கு மதிப்பெண்ணே தரக்கூடாது என்பது விதி.

இன்று கடைகளிலும் பெரிய கண்காட்சிகளிலும் ‘டிரேட் நைட்’ நடக்கிறது. சூட்கேஸைத் திறந்து வைத்துக்கொண்டு, கைபேசியில் கடைசி விற்பனை விலையைப் பார்த்துப் பார்த்துப் பேசுகிறார்கள். இன்னொரு பக்கம் பழைய பாணிக்காரர்களும் தொடர்கிறார்கள்: யாங்கீஸ்காரருக்கு யாங்கீஸ் கட்டு, பாஸ்டன்காரருக்கு பாஸ்டன் கட்டு, எண்ணிக்கைக்கு எண்ணிக்கை, விலை பார்ப்பதில்லை. கேட்காமலே ஒன்றிரண்டு கூடுதலாகச் செருகி அனுப்புவதும் இவர்களிடம் உண்டு. இவர்கள் கறாராக இருப்பது கட்டும் முறையில் மட்டும்தான். அட்டை முதலில் மெல்லிய உறைக்குள், பிறகு கெட்டியான பிளாஸ்டிக் உறைக்குள் போக வேண்டும். அதன் வாயை பெயின்டர்கள் சுவரில் ஒட்டும் நீல டேப்பால் மூட வேண்டும், பிரிக்க வசதியாக நுனியைக் கொஞ்சம் மடித்துவிட வேண்டும். செல்லோடேப் ஒட்டினால் பிசுக்கு உறையில் தங்கிவிடும். பிரிக்கும் அவசரத்தில் அதில் சிக்கி அட்டையின் முனையும் போகும். செல்லோடேப் ஒட்டி அனுப்பியவருக்கு இரண்டாவது முறை மாற்ற ஆள் கிடைப்பது கஷ்டம்.