தெரு வரைந்த எல்லை

பேஸ்பால் விதிப்புத்தகம் சில அளவுகளில் மிகவும் கறாரானது. ஒரு பேஸிலிருந்து அடுத்த பேஸுக்கு 90 அடி. பந்துவீச்சாளரின் மேட்டிலிருந்து பந்தடிப்பவர் நிற்கும் ஹோம் பிளேட்டுக்கு 60 அடி 6 அங்குலம். இந்த அளவு 1893 முதல் மாறவே இல்லை. ஆனால் அதற்கு அப்பால் விரியும் புல்வெளி எங்கே முடிய வேண்டும், அங்கே நிற்கும் சுவர் எவ்வளவு உயரம் இருக்க வேண்டும் என்பதில் விதி நெடுங்காலம் வாய் திறக்கவில்லை. அந்தச் சுவரைத் தாண்டிப் பந்து பறந்தால் ஹோம் ரன். ஆகவே சுவர் நிற்கும் இடம் ஆட்டத்தின் போக்கையே மாற்றும். இன்றும் அமெரிக்காவின் தலைமை லீக்கில் 30 அணிகளின் மைதானங்களில் ஒன்றின் வடிவம் இன்னொன்றுக்கு இல்லை.

ரசிகர்கள் எந்த மைதானத்தை அழகு என்று கொண்டாடுகிறார்கள் என்ற கதை, விதி விட்டுவைத்த அந்த இடத்தில்தான் தொடங்குகிறது.

19-ஆம் நூற்றாண்டில் மைதானங்களை மரத்தால் கட்டினார்கள். அவை அடிக்கடி எரிந்தன. 1894 மே 15 அன்று பாஸ்டனின் சவுத் எண்ட் கிரவுண்ட்ஸில் ஆட்டம் நடந்துகொண்டிருந்தபோதே இருக்கைகளுக்கு அடியில் பற்றிய தீ, மைதானத்தோடு நிற்காமல் சுற்றுப்புறத்தில் நூற்றுக்கு மேற்பட்ட கட்டடங்களையும் விழுங்கியது. இதற்கு விடையாக 1909 ஏப்ரலில் பிலடெல்பியாவில் எஃகும் கான்கிரீட்டும் கொண்டு ஷைப் பார்க் எழுந்தது. ஜூனில் பிட்ஸ்பர்க்கின் ஃபோர்ப்ஸ் ஃபீல்ட் வந்தது. 1912 ஏப்ரல் 20 அன்று பாஸ்டனில் ஃபென்வே பார்க்கும் டெட்ராய்ட்டில் நேவின் ஃபீல்டும் ஒரே நாளில் திறந்தன. 1913-இல் புரூக்ளினின் எபெட்ஸ் ஃபீல்ட், 1914-இல் இன்று ரிக்லி ஃபீல்ட் எனப்படும் சிகாகோ மைதானம்.

அணி உரிமையாளர்கள் அழகைத் தேடி இவற்றைக் கட்டவில்லை. டிராம் போகும் தடத்தில், நகரத்துக்குள் கிடைத்த மனையை வாங்கினார்கள். மனையைச் சுற்றிலும் தெருக்கள் ஏற்கெனவே இருந்தன. தெரு வளைந்தால் சுவரும் வளைந்தது. தெரு குறுக்கே வந்தால் புல்வெளி அங்கேயே முடிந்தது. சின்சினாட்டியின் கிராஸ்லி ஃபீல்டில் பின்னாலிருந்த தெரு மைதானத்தைவிட உயரம் என்பதால், இடப்புறச் சுவரை நோக்கித் தரையே சரிவாக ஏறியது. நியூயார்க்கில் கூகன்ஸ் பிளஃப் குன்றின் அடியில் இருந்த போலோ கிரவுண்ட்ஸ் நீண்ட குளியல் தொட்டி போல அமைந்தது: வலது ஓரம் 258 அடிதான், நடுப்பகுதியோ 480 அடியை ஒட்டியது. அங்கே 1954 உலகத் தொடரில் நியூயார்க் அணியின் வில்லி மேஸ் ஹோம் பிளேட்டுக்கு முதுகைக் காட்டியபடி ஓடி, தோளுக்கு மேலாக வந்து இறங்கிய பந்தைப் பிடித்தார். பல மைதானங்களில் அது ஹோம் ரன்னாகியிருக்கும். ஓட அவ்வளவு இடம் இருந்ததால்தான் அந்தப் பிடிப்பு நிகழ்ந்தது.

இந்தத் தலைமுறை மைதானங்களில் இன்றும் ஆட்டம் நடப்பவை இரண்டே: ஃபென்வே, ரிக்லி.

ஃபென்வேயின் இடப்புறத்தை லேன்ஸ்டவுன் தெரு நறுக்கிவிட்டது. ஹோம் பிளேட்டிலிருந்து அங்கே சுமார் 310 அடிதான். அந்தக் குறையை ஈடுகட்ட நிற்பது 37 அடி உயரச் சுவர். விளம்பரங்களால் நிறைந்திருந்த அதற்கு 1947-இல் பச்சை வண்ணம் பூசினார்கள். அதுவே பாஸ்டன் மக்களின் ‘கிரீன் மான்ஸ்டர்’. தெருவிலிருந்த கடைகளின் கண்ணாடிகளைக் காக்க 1936-இல் சுவருக்கு மேல் வலை கட்டினார்கள். 2003-இல் வலை போய் இருக்கைகள் வந்தன. வேறெங்கும் எளிதில் பிடிபடும் உயரப் பந்து இங்கே சுவரைத் தாண்டிவிடுகிறது. வேறெங்கும் ஹோம் ரன்னாகும் தாழ்வான, வேகமான அடி இங்கே சுவரில் மோதித் திரும்புகிறது. எந்தக் கோணத்தில் திரும்பும் என்று கணிப்பதே தனிக்கலை. பாஸ்டன் ஆட்டக்காரர் கார்ல் யஸ்ட்ரெம்ஸ்கி அதில் தேர்ந்தவர். சுவரின் அடியில் உள்ள ஸ்கோர்போர்டின் எண்களை உள்ளே அமர்ந்திருக்கும் பணியாளர்கள் இன்றும் கையால் மாற்றுகிறார்கள்.

வலப்புற இருக்கைகளின் பச்சைக் கடலுக்கு நடுவே ஒரே ஒரு சிவப்பு இருக்கை உண்டு. 1946 ஜூன் 9 அன்று பாஸ்டன் அணியின் டெட் வில்லியம்ஸ் 502 அடி தூரத்துக்கு அடித்த பந்து விழுந்த இடம் அது. முதன்முறை வரும் சிறுவனுக்கு அந்த இருக்கையைக் காட்டாத பெரியவர் பாஸ்டனில் அரிது.

சிகாகோவில் ரிக்லியின் அழகுக்குக் கொடிகள் காரணம். 1937-இல் மைதானத்தைப் புதுப்பித்தபோது, அணியின் இளம் ஊழியரான பில் வீக் வெளிச்சுவரெங்கும் ஐவி கொடிகளை நட ஏற்பாடு செய்தார். ஏப்ரலில் வெறும் பழுப்புத் தண்டாக இருக்கும் கொடி, கோடையில் செங்கல்லே தெரியாமல் மூடிவிடுகிறது. பந்து அதற்குள் சிக்கினால் ஆட்டக்காரர் இரு கைகளையும் தூக்கி நிற்பார். அடித்தவருக்கு இரண்டு பேஸ் என்பது அந்த மைதானத்துக்கே உரிய விதி. அதே ஆண்டு நிறுவிய கை ஸ்கோர்போர்டும் மேலே நிற்கிறது. ஆட்டம் முடிந்ததும் அங்கே ஏற்றும் துணிக்கொடியைப் பார்த்து, உயரப் பாலத்தில் ஓடும் ரயிலின் பயணிகள் வெற்றியா தோல்வியா என்று அறிந்துகொள்வார்கள். மின்விளக்குக்காக வாங்கிய எஃகை 1941-இல் போர்த் தேவைக்குக் கொடுத்துவிட்டதால் ரிக்லியில் பகலாட்டம் மட்டுமே நடந்தது. அந்த வழக்கம் 1988 ஆகஸ்ட் வரை நீடித்தது.

பழைய மைதானங்களுக்கு இன்னொரு அழகும் உண்டு: நெருக்கம். மேல்தளத்தைத் தூண்கள் தாங்கியதால் அதைக் கீழ்த்தளத்துக்கு நேர் மேலேயே அமைக்க முடிந்தது. தூணுக்குப் பின்னால் உட்கார்ந்தவருக்குப் பாதி ஆட்டம் மறைந்தது உண்மைதான். ஆனால் மற்ற ஆயிரக்கணக்கானோருக்கு ஆட்டக்காரரின் குரலும் மட்டையில் பந்து படும் ஓசையும் கேட்டன.

கார் வந்ததும் எல்லாம் மாறியது. ஜாக்கி ராபின்சன் 1947-இல் நிறவெறித் தடையை உடைத்துக் களமிறங்கிய எபெட்ஸ் ஃபீல்டில் சுமார் 700 கார்களை நிறுத்தத்தான் இடம் இருந்தது. புரூக்ளினிலேயே புதிய மைதானம் கட்ட விரும்பிய உரிமையாளர் வால்டர் ஓ’மாலிக்கு மனை கிடைக்காமல் போக, 1957 பருவத்தோடு டாட்ஜர்ஸ் அணி லாஸ் ஏஞ்சலிஸுக்குப் புறப்பட்டது. 1960-இல் எபெட்ஸ் ஃபீல்டை இடித்து அடுக்குமாடிக் குடியிருப்பு கட்டினார்கள். லாஸ் ஏஞ்சலிஸில் 1962-இல் திறந்த டாட்ஜர் ஸ்டேடியம், மலைத்தொடரைப் பின்னணியாகக் கொண்ட பேரழகு. ஆனால் அது நிற்கும் சாவேஸ் ரவீனில் மெக்சிகோ வம்சாவளிக் குடும்பங்கள் வாழ்ந்தன. அரசு வீட்டுத் திட்டத்துக்கென்று அவர்களை வெளியேற்றி, பின்னர் அத்திட்டத்தையே கைவிட்டார்கள். எஞ்சியிருந்தவர்களை 1959-இல் வீட்டிலிருந்து இழுத்து வெளியேற்றினார்கள். அந்த அழகைப் பேசும்போது இந்தக் காயத்தையும் பேசத்தான் வேண்டும்.

அடுத்து வந்தது வட்டக் கான்கிரீட் காலம். 1965-இல் ஹூஸ்டனின் ஆஸ்ட்ரோடோம் கூரைக்குள் ஆட்டத்தைக் கொண்டுபோனது. ஒளிபுகும் கூரை பந்து பிடிப்பவர்களின் கண்ணைக் கூச வைத்ததால் அதற்கு வண்ணம் பூசினார்கள். வெயிலின்றிப் புல் செத்தது. 1966-இல் செயற்கைப் புல் வந்தது. செயின்ட் லூயிஸ், சின்சினாட்டி, பிட்ஸ்பர்க், பிலடெல்பியா ஆகிய ஊர்களில் 1966-க்கும் 1971-க்கும் இடையே எழுந்த மைதானங்கள் பேஸ்பாலுக்கும் அமெரிக்கக் கால்பந்துக்கும் பொதுவானவை. இரண்டுக்கும் பொருந்த வேண்டியிருந்ததால் இரண்டுக்குமே இருக்கைகள் விலகி நின்றன. எந்த ஊர் மைதானம் என்று உள்ளே இருப்பவருக்கு அடையாளமே இல்லை.

முதலில் எதிர்த்தவர்கள் ரசிகர்களே. டெட்ராய்ட்டில் அவர்கள் 1987-இல் சங்கம் அமைத்தார்கள்; அடுத்த ஆண்டு கைகோத்து, 1912-இல் திறந்த பழைய மைதானத்தைச் சுற்றி நின்று அதை அணைத்துக்கொண்டார்கள். ஆனாலும் 1999-இல் அது மூடப்பட்டது. சிகாகோவின் ஒயிட் சாக்ஸ் அணிக்காக 1991-இல் திறந்த புதிய கோமிஸ்கி பார்க்கில் மேல்தளம் மிகவும் செங்குத்தாகவும் தூரமாகவும் அமைந்தது. கண்டனம் ஓயாததால் பிற்பாடு மேல்தளத்தின் உச்சி வரிசைகள் எட்டை அகற்ற வேண்டியதாயிற்று.

மறு ஆண்டே, 1992 ஏப்ரல் 6 அன்று, பால்டிமோரில் கேம்டன் யார்ட்ஸ் திறந்தது. அணித் தலைவர் லாரி லூக்கினோவும் கட்டடக் கலைஞர் ஜேனட் மேரி ஸ்மித்தும் பழைய நகர மைதானங்களைப் பாடமாக எடுத்துக்கொண்டார்கள். மனையில் நின்ற பி அண்ட் ஓ ரயில்வே கிடங்கு 1000 அடிக்கு மேல் நீளமான செங்கல் கட்டடம். அதை இடிக்காமல் வலப்புறப் பின்னணியாக்கினார்கள். கிடங்குக்கும் மைதானத்துக்கும் நடுவே ஓடும் யூட்டா தெருவைப் பந்து எட்டினால், விழுந்த இடத்தில் பித்தளைத் தகடு பதிக்கிறார்கள். வட்டக் கான்கிரீட் மைதானங்களின் காலம் அத்தோடு முடிந்தது.

அடுத்த இருபது ஆண்டுகளில் அமெரிக்கா முழுக்கப் புதிய மைதானங்கள் எழுந்தன. அவற்றில் இடத்தின் இயல்புக்கு இணங்கியவை நிலைத்த அன்பைப் பெற்றன. சான் பிரான்சிஸ்கோவில் வலப்புறம் விரிகுடா நெருக்கியதால் சுவர் 309 அடியிலேயே வந்துவிட்டது. அதைத் தாண்டும் பந்துக்காகத் தண்ணீரில் படகுகள் காத்திருக்கின்றன. பிட்ஸ்பர்க்கில் ஆட்ட நாளன்று கிளெமெண்டே பாலத்தில் வண்டிகளை நிறுத்திவிட, ரசிகர்கள் ஆற்றைக் கடந்து நடந்தே வருகிறார்கள். மாறாக, ஹூஸ்டனில் 2000-இல் திறந்த மைதானத்தில் கிராஸ்லி ஃபீல்டை நினைவூட்டவென்று நடுப்பகுதியில் செயற்கையாக மேடு எழுப்பினார்கள். எந்தத் தெருவும் அதைக் கேட்கவில்லை. 2016 பருவத்துக்குப் பின் அதைச் சமப்படுத்திவிட்டார்கள்.

பாஸ்டனிலும் 1999-இல் ஃபென்வேயை விட்டுப் புது மைதானம் கட்டத் திட்டம் போட்டார்கள், ரசிகர்கள் விடவில்லை. 2002-இல் வந்த புதிய உரிமையாளர்கள் புதுப்பிக்கும் வழியைத் தேர்ந்து, அந்தப் பொறுப்பை கேம்டன் யார்ட்ஸைக் கட்டிய ஜேனட் மேரி ஸ்மித்திடம் கொடுத்தார்கள். ரிக்லியின் கொடி படர்ந்த சுவரும் ஸ்கோர்போர்டும் 2004 முதல் சிகாகோ நகரச் சட்டத்தின் பாதுகாப்பில் இருக்கின்றன. 2020-இல் அது தேசிய வரலாற்றுச் சின்னமும் ஆனது.