கண்ணாடிக்கா, பொறிப்புக்கா?

பழைய துப்பாக்கி ஸ்கோப்புக்கு விலை சொல்லணும்னா இரண்டு கேள்விகள் கேட்க வேண்டும். இதன் வழியே எவ்வளவு தெளிவாகத் தெரிகிறது? இது யார் கையில் இருந்தது? இரண்டு பதில்களும் எவ்வளவு தூரம் விலகிப்போகலாம் என்பதற்கு, வீவர் 330 என்ற மெலிந்த குழாயின் கதை போதும்.

1930இல் வில்லியம் வீவர் என்ற அமெரிக்க இளைஞர் அதை 19 டாலருக்கு விற்பனைக்குக் கொண்டுவந்தார். நல்ல ஸ்கோப் என்றால் ஜெர்மனியிலிருந்து வரவேண்டும், வசதியுள்ளவர்தான் வாங்க முடியும் என்றிருந்த காலம். வீவருடையது சாதாரண வேட்டைக்காரர் கைக்கு எட்டியது. முக்கால் அங்குலக் குழாய். சுமார் இரண்டரை மடங்கு பெரிதாகக் காட்டும். மானுக்குப் போதும்.

போருக்கு? 1943இல் அமெரிக்க ராணுவத்துக்கு அவசரமாக ஸ்னைப்பர் துப்பாக்கிகள் தேவைப்பட்டன. விரும்பியது லைமன் நிறுவனத்தின் அலாஸ்கன் ஸ்கோப்பை. அது போதுமான அளவு கிடைக்கவில்லை. வீவர் கிடைத்தது. 330சி என்ற கடைச்சரக்கு எம்73பி1 என்ற ராணுவப் பெயரோடு எம்1903ஏ4 துப்பாக்கியின் மேல் ஏறியது. அந்தத் துப்பாக்கியில் குறிபார்க்க வேறு இரும்புக் குறி கிடையாது. வீவருக்குள்ளோ ஈரம் எளிதில் புகும். உள்ளே ஆவி படிந்தால் அவ்வளவுதான், சிப்பாய்க்கு ஒன்றும் தெரியாது.

கண்ணாடித் தொழில் இதற்குள் வேறிடத்துக்குப் போயிருந்தது. பூச்சில்லாத வில்லையின் ஒவ்வொரு பரப்பும் சுமார் 4 சதவீத ஒளியைத் திருப்பி அனுப்பிவிடும். பத்துப் பரப்புகள் இருந்தால் மூன்றில் ஒரு பங்கு வெளிச்சம் போச்சு. 1935இல் கார்ல் ஸைஸ் நிறுவனத்தின் அலெக்சாண்டர் ஸ்மாகுலா ஒரு மெல்லிய பூச்சால் இந்த இழப்பைக் குறைத்தார். ஜெர்மனி அதை ராணுவ ரகசியமாக வைத்துக்கொண்டது.

அதனால்தான் விஷயம் தெரிந்தவர்கள் ஸ்கோப்பைக் கையில் வாங்கியதும் வில்லையில் விளக்கின் பிரதிபலிப்பைப் பார்க்கிறார்கள். நீலமோ ஊதாவோ தெரிந்தால் பூச்சு உண்டு. வெறும் வெள்ளையாக மின்னினால் இல்லை. ஓரத்தில் வானவில் நிறம் படர்ந்திருந்தால் வில்லைகளை ஒட்டிய கனடா பால்சம் பிசின் விட்டுப்போயிருக்கலாம். நூல்நூலாகப் படர்ந்தால் பூஞ்சை. குறுக்குக்கோடுகள் நடுவிலிருந்து விலகியிருந்தால் மட்டும் உடனே பயப்பட வேண்டாம். அந்தக் காலத்து ஸ்கோப்கள் பலவற்றில் திருகைத் திருப்பினால் கோடுகளே நகரும்.

இந்தச் சோதனைகளில் 330 சுமாராகத்தான் தேறும். ஆனா எம்73பி1 என்ற பொறிப்பு இருந்தால் விலை எங்கேயோ போய்விடுகிறது. அதே வில்லை, அதே குழாய். பொறிப்பு மட்டும்தான் வித்தியாசம் என்பதால் போலி செய்பவருக்கும் வேலை சுலபம். குழாய்க்குப் புதுக் கறுப்பு ஏற்றிப் பளபளப்பாக்கினால் விலை இறங்கும். சேகரிப்பாளருக்குக் கீறலும் தேய்மானமும்தான் சாட்சி.

இதைச் சந்தையின் கிறுக்குத்தனம் என்று நான் ஒதுக்க மாட்டேன். சிறந்த ஸ்கோப் கண்ணாடித் தொழிலின் வரலாற்றைச் சொல்லும். இந்தச் சுமாரான ஸ்கோப், அவசரத்தில் ஓர் அரசு தன் சிப்பாய்களிடம் எதைக் கொடுத்து அனுப்பியது என்பதைச் சொல்கிறது. அதற்கு விலை கொடுப்பது நியாயம்தான்.

எனக்கு உறுத்துவது அதற்கு மேலே கேட்கப்படும் விலை. "இது போர் பார்த்த சாமான் சார்" என்று யாராவது சொன்னால் காகிதம் கேளுங்க. ராணுவம் வாங்கியது என்பதற்குத்தான் பொறிப்பு ஆதாரம். களத்துக்குப் போனதற்கு அல்ல, அதன் வழியே பார்த்து யாரையோ சுட்டதற்கு நிச்சயமாக அல்ல. காகிதம் இல்லாமல் அந்தக் கூடுதல் காசைக் கொடுப்பவர், நடந்ததா என்றே தெரியாத ஒரு சாவுக்குக் காசு கொடுக்கிறார்.