நடுநிசியில் அடித்த மணி

1801ஆம் ஆண்டின் தொடக்கத்தில் தஞ்சை மன்னர் இரண்டாம் சரபோஜி, கிழக்கிந்தியக் கம்பெனியின் ரெசிடென்ட் பெஞ்சமின் டோரினுக்கு ஒரு கடிதம் எழுதினார். நாட்டு நிர்வாகம் 1799இலேயே கம்பெனி கைக்குப் போய்விட்டது. மன்னரிடம் மிஞ்சியது கோட்டையும் அதைச் சுற்றிக் கொஞ்ச இடமும்தான். அந்த நிலையிலும் அவர் மன்றாடியது சத்திரங்களுக்காக. சேது என்னும் ராமேசுவரத்துக்குப் போகிற வழியில் தம் முன்னோர் வைத்த தருமம் ஒரு நாளும் நின்றுவிடக் கூடாது என்பதற்காக, அங்கே அன்றாடம் என்ன நடக்கிறது என்று ஒவ்வொன்றாக விவரித்திருக்கிறார். பட்டுக்கோட்டைப் பக்கம் சரித்திர ஆசிரியையாக இருந்த நான், இந்தக் கடிதத்தைப் பற்றிச் சொல்லாமல் ஒரு வகுப்பையும் மேலே அனுப்பியதில்லை.

வழியை முதலில் சொல்ல வேண்டும். வடக்கே காசியிலிருந்து கங்கை நீரைச் சுமந்து ராமேசுவரத்துக்கு நடந்து வருபவர்கள் தஞ்சாவூரைத் தாண்டினால் ஒரத்தநாடு, பட்டுக்கோட்டை, ராஜாமடம், மணமேல்குடி, மீமிசல் என்று கடலோரமாக இறங்குவார்கள். பட்டுக்கோட்டை வரை வயலும் ஏரியும் கண்ணில் படும். அதற்குத் தெற்கே உப்புக்காற்று. பல இடங்களில் கிணறு வெட்டினாலும் கரிக்கும். அதனால் சத்திரம் என்றால் வெறும் திண்ணையும் கூரையும் ஆகாது. குளம், நல்ல தண்ணீர்க் கிணறு, மடைப்பள்ளி எல்லாம் வேண்டும். அவற்றை நடத்த மானியமாக ஊர்களும் வேண்டும். ஒரு நாள் நடைக்குள் அடுத்த சத்திரம் வந்துவிட வேண்டும். முன்னோர் கட்டியவற்றோடு நில்லாமல், சரபோஜியும் தாம் நேசித்த முக்தாம்பாளின் பெயரால் ஒரத்தநாட்டில் ஒன்றை எழுப்பினார். சாகும் தறுவாயில் அந்த அம்மாள் கேட்டுக்கொண்டது அது ஒன்றுதான் என்று எங்கள் பக்கத்தில் சொல்வார்கள்.

கடிதத்தில் நான் திரும்பத் திரும்பப் படிக்கும் இடம் இராச்சாப்பாடு பற்றியது. வருகிறவருக்கெல்லாம் சோறு. சமைத்ததைச் சாப்பிடாதவருக்கு அரிசியும் சாமான்களும் அளந்து கொடுத்துவிடுவார்கள். இது நடுநிசி வரை நடக்கும். அப்போது மணி அடித்து, இன்னும் சாப்பிடாதவர் யாராவது இருந்தால் வரலாம் என்று கூவுவார்கள். வழி தப்பியவன், கால் வீங்கிப் பின்தங்கிய கிழவி, ஆறு கடக்கப் படகு கிடைக்காமல் இருட்டியபின் வந்து சேர்ந்த குடும்பம்: நேரத்துக்கு வர முடியாதவர்களை நினைத்துத்தான் அந்த மணி. அதை ஏற்பாடு செய்தவருக்குப் பசித்த வயிறோடு கூச்சப்பட்டு வெளியே நிற்கிறவர்களையும் தெரிந்திருந்தது.

அதோடு விடவில்லை. ஒவ்வொரு சத்திரத்திலும் வைத்தியர் உண்டு. வீக்கத்துக்கும் விஷக்கடிக்கும் மருந்து தெரிந்தவர். காய்ச்சலில் படுத்தவருக்கு மருந்தும் பத்தியச் சோறும். வழியில் இடுப்புவலி கண்ட பெண்ணுக்குப் பிரசவம் பார்த்து, மூன்று மாதம் வரை தங்கவைத்து அனுப்புவார்கள். வந்த இடத்தில் பெற்றோர் செத்துப்போனால் பிள்ளையை அங்குள்ள உபாத்தியாயரிடம் ஒப்படைத்து, மூன்று வேளை சோறு போட்டு, எண்ணெய் தேய்த்துக் குளிப்பாட்டிப் படிக்கவைப்பார்கள். இறந்தவருக்கு அவரவர் முறைப்படி ஈமக்கடன்.

இதில் ஒரு கறையும் உண்டு, அதை மறைக்க மாட்டேன். பிராமணர் முதல் பறையர் வரை எல்லோருக்கும் உணவு என்று அந்தக் கடிதம் சொல்கிறது. ஆனால் அந்தக் காலத்துச் சத்திரங்களில் எல்லோரும் ஒரே பந்தியில் உட்காரவில்லை. பல ஊர்களில் உள்கூடம் பிராமணருக்கு மட்டுமே. சோறு கிடைத்தவனுக்கும் வாசல் எது என்று பார்த்து நிற்க வேண்டியிருந்தது. அந்த அவமானத்தையும் சேர்த்துத்தான் இந்தச் சரித்திரத்தைப் பிள்ளைகளுக்குச் சொல்ல வேண்டும்.

சத்திரத்தை மட்டும் நம்பியும் யாரும் கிளம்பவில்லை. எங்கள் அப்பாயி கட்டுச்சோறு கட்டுவதில் கெட்டிக்காரி. புளியைச் சுண்டக் காய்ச்சி, நல்லெண்ணெய் தாராளமாக விட்டு, சோற்றை ஆறவைத்த பிறகே கிளறுவார். சூட்டோடு கட்டினால் வியர்த்து ஊசிப்போகும் என்பார். வாழை இலையைத் தணலில் வாட்டினால் மடிக்கும்போது கிழியாது. ஒரு பொட்டலம் இரண்டு நாள் தாங்கும். ரயில் வந்த பிறகும் அவர் இதை விடவில்லை.

தலைச்சுமையோடு ஒற்றையாக நடப்பவருக்கு இன்னொரு தொல்லை: இறக்கி வைத்தால் தூக்கிவிட ஆள் வேண்டும். அதற்குத்தான் சாலையோரச் சுமைதாங்கி. இரண்டு கல்லை நட்டு மேலே ஒரு கல்லைப் படுக்கவைத்திருப்பார்கள்; நின்றபடியே சுமையை அதில் நகர்த்திவிடலாம். வயிற்றில் பிள்ளையோடு இறந்துபோன பெண்ணின் நினைவாக அவள் வீட்டார் அதை நட்டார்கள். சுமை இறங்காமல் போனவளுக்காக யார் சுமையையாவது இறக்கிவைப்பது என்ற அந்த எண்ணத்தின் முன்னால் எனக்கு எப்போதும் தொண்டை அடைத்துவிடும்.

1914இல் பாம்பன் ரயில் பாலம் திறந்தது. சேது யாத்திரை ஓரிரவுப் பயணமாகச் சுருங்கியது. சத்திரங்களுக்கு வழிப்போக்கர் வருவது குறைந்தது; சில இடிந்தன, சில வேறு காரியங்களுக்குப் போயின.

இன்று பயணக் குறிப்புகள் எல்லாம் பயணியைப் பார்த்தே பேசுகின்றன: தண்ணீர் எடுத்துக்கொள், மாத்திரை எடுத்துக்கொள், இருட்டுவதற்குள் போய்விடு. எல்லாம் நல்ல யோசனைதான். ஆனால் அந்தப் பழைய சேதுச் சாலையில், எச்சரிக்கையாக இருக்க வேண்டிய பொறுப்பில் பாதியைச் சாலைக்கு உடையவர்களும் ஏற்றிருந்தார்கள். ஆவணி மாதம் வேளாங்கண்ணிக்குக் காவி உடுத்தி நடந்து போகும் பெண்களிடம் பேசிப் பார்த்தேன். வழியெங்கும் சோறும் மோரும் கொடுக்கிறார்கள், குறையில்லை என்கிறார்கள். அவர்கள் கேட்பது தாழ்ப்பாள் உள்ள கழிப்பறை, ஒரு நடைத் தூரத்துக்கு ஒன்று, இரவிலும் விளக்கெரிய, தண்ணீரோடு. கிழக்குக் கடற்கரைச் சாலைக்கும் இதையே கேட்கிறேன். சேதுவுக்குப் போகிறவர்கள் இன்றும் அந்த வழியாகத்தான் மீமிசலைக் கடக்கிறார்கள்.